'ஸார்ட்' என்றொரு சொல்

மலர்க்குழுவினர் போன் செய்து, "ஹாஸ்டல் நினைவுகள், கேன்டீன் நினைவுகள் எல்லாம் போதும் போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டன. நீயாவது உருப்படியாக ஏதாவது எழுது" என்றார்கள். உருப்படியாக எழுதச் சொன்னால் எனக்குக் கை ஓடாது. ஆகவே பதினைந்து வருஷமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன். நாம் எல்லோரும் தினமும் பண்ணுகிற காரியம்தான். "அந்த ஃபைலை ஸார்ட் பண்ணி அனுப்புப்பா" என்கிறோமே, அந்த 'ஸார்ட்'.

என் தாத்தா ரயில்வே தபால் பிரிவில், அதாவது ஆர்.எம்.எஸ்ஸில் வேலை பார்த்தவர். ஊரில் அவருக்கு 'ஸார்ட்டர் ஐயா' என்றே பெயர். இரவு ரயிலின் தபால் பெட்டியில் நின்றுகொண்டே, ஓடும் வண்டியில், கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடுவார்களாம். எதிரே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஓர் ஊர். கார்டைப் பார்த்த கண் பார்த்தபடி இருக்க, கை தானாக அறையைத் தேடிப் போகும் என்பார்.

நான் 2007இல் நம் கல்லூரியில் கம்ப்யூட்டர் ஸயன்ஸ் சேர்ந்தேன். முதல் வருஷ லேபில், டர்போ ஸி நீலத் திரையில், பத்து எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும் 'பப்பிள் ஸார்ட்' எழுத வைத்தார்கள். பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட வேண்டியது, பெரியது முன்னால் நின்றால் இடம் மாற்ற வேண்டியது, அவ்வளவுதான். லீவுக்கு ஊருக்குப் போனபோது பெருமையாகத் தாத்தாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இதுக்கு எதுக்குடா ஸார்ட்டுன்னு பேரு வெச்சான்? இது அடுக்கறது. ஸார்ட்டுன்னா பிரிக்கறது. நான் முப்பது வருஷம் ஸார்ட் பண்ணியிருக்கேன், ஒரு நாளும் கடிதாசிய சின்னது பெருசுன்னு நிக்க வெச்சதில்ல."

அன்றைக்குச் சிரித்து மழுப்பினேன். ஆனால் கிழவர் சொன்னது நியாயம். பிரிப்பது வேறு, அடுக்குவது வேறு. இரண்டுக்கும் எப்படி ஒரே சொல் வந்தது? தேடிப் போனால், அந்தச் சொல்லுக்கு இந்த இரண்டு அர்த்தத்துக்கும் முந்தைய மூன்றாவது அர்த்தம் ஒன்று இருந்தது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

கோயிலில் ஒரு சிறுவன்

ஆங்கில 'ஸார்ட்'டுக்குத் தாய் பழைய பிரெஞ்சு, பாட்டி லத்தீன். லத்தீனில் 'ஸோர்ஸ்' என்றால் சீட்டு. குலுக்கிப்போட்டு எடுக்கிறோமே, அந்தச் சீட்டு. அந்தக் காலத்தில் காகிதம் ஏது? மரத்துண்டுகள்தான். அதிலிருந்து வந்த வினைச்சொல் 'ஸோர்த்தீரி'. பொருள், சீட்டுப் போட்டு எடு.

ரோமாபுரிக்குப் பக்கத்தில் பிரைனெஸ்தே என்று ஓர் ஊர். இன்றைக்குப் பாலெஸ்திரீனா என்று பெயர். அங்கே அதிர்ஷ்டத்துக்கு ஒரு தேவதை, அவளுக்குப் பெரிய கோயில். எழுத்துப் பொறித்த ஓக் மரத்துண்டுகளைக் கலந்து, ஒரு சிறுவனின் கையால் எடுக்கச் சொல்லிக் குறி கேட்பார்கள் என்று கி.மு. முதல் நூற்றாண்டில் ஸிசெரோ எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. நக்கலாகத்தான் எழுதுகிறார். ஆனால் அதே ரோமாபுரியில் எந்த அதிகாரி எந்த மாகாணத்தை ஆளப் போவது என்பதையும் பெரும்பாலும் சீட்டுப் போட்டே தீர்மானித்தார்கள். அதற்கும் இதே வினைச்சொல்தான்.

சீட்டில் ஒருவனுக்கு விழுந்தது அவனுடைய பங்கு. பங்கு என்பது அவனுடைய தலைவிதி. பிரெஞ்சில் இன்றைக்கும் 'ஸோர்' என்றால் விதி. ஒரே பங்கு விழுந்தவர்கள் ஒரே வகை ஆட்கள். அங்கிருந்து 'வகை' என்ற பொருள் வந்துவிட்டது. வகை வந்தபின் 'வகைவாரியாகப் பிரி' என்று வினைச்சொல் வராமல் இருக்குமா? 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் அந்தப் பொருளில் வழங்க ஆரம்பித்துவிட்டது. என் தாத்தாவின் அர்த்தத்துக்கு வயது அறுநூறுக்கு மேல்!

இந்தக் குடும்பத்தில் வேறு சிலரும் இருக்கிறார்கள். சூனியக்காரனைக் குறிக்கும் 'ஸார்ஸரர்' என்ற ஆங்கிலச் சொல் சீட்டுப் போட்டுக் குறி சொன்னவனிடமிருந்து வந்தது. ராஜாவின் துணையைக் குறிக்கும் 'கன்ஸார்ட்', 'விதியில் பங்காளி' என்ற பொருளிலிருந்து வந்தது. கல்யாணம் ஆனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஒரு வேடிக்கை. பிரெஞ்சுக்காரர்கள் கம்ப்யூட்டர் ஸார்ட்டுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. அவர்களுடைய வினைச்சொல் 'த்ரியே', அதாவது பொறுக்கிப் பிரி. கம்பளி, காப்பிக்கொட்டை முதலியவற்றைத் தரம் பிரிப்பதற்குப் 'ட்ரியாஜ்' என்று பெயர். முதல் உலகப் போரில், காயம்பட்டவர்களில் யாரை முதலில் கவனிப்பது என்று பிரிப்பதற்கும் அந்தச் சொல் வந்தது. இன்று எல்லாப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவிலும் அந்தச் சொல் உண்டு. காப்பிக்கொட்டையில் தொடங்கி உயிரில் வந்து நின்ற சொல் அது.

கம்ப்யூட்டருக்கே அவர்கள் வைத்த பெயரும் இப்படித்தான். 1955இல் ஐ.பி.எம். பிரான்ஸ் நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில், லத்தீன் பேராசிரியர் ழாக் பெரே 'ஓர்தினாத்தர்' என்ற சொல்லைச் சிபாரிசு செய்தார். உலகத்துக்கு ஒழுங்கை உண்டாக்குகிறவர் என்று கடவுளுக்குச் சொல்லப்பட்ட பழைய அடைமொழி அது. ஆங்கிலத்தில் அந்த இயந்திரம் 'கணக்குப் போடுவது', பிரெஞ்சில் 'ஒழுங்கு செய்வது'. எனக்கென்னவோ பிரெஞ்சுக்காரர் சொன்னதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அட்டைகள் வந்த கதை

நிற்க. பிரிப்பது எப்படி அடுக்குவது ஆயிற்று என்ற கேள்விக்கு வருவோம். என் கணிப்பில், அதற்குப் பாலம் போட்டது ஓர் இயந்திரம்.

அமெரிக்காவில் 1880இல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கைக் கையால் கூட்டிக் கழித்து முடிப்பதற்குள் அந்தப் பத்தாண்டே பெரும்பாலும் ஓடிவிட்டது. அடுத்த கணக்கெடுப்பு வந்துகொண்டிருந்தது. ஹெர்மன் ஹாலரித் என்ற பொறியாளர், ஒரு மனிதனுக்கு ஓர் அட்டை, அவனைப் பற்றிய ஒவ்வொரு விவரத்துக்கும் அட்டையில் ஓர் ஓட்டை என்று ஒரு முறையைக் கண்டுபிடித்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் பயணியின் அடையாளத்தை டிக்கெட்டில் ஓட்டை போட்டுக் குறித்ததைப் பார்த்தபோது இந்த யோசனை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பார்த்தீர்களா, இங்கேயும் ரயில்!

1889இல் காப்புரிமை வாங்கினார். 1890 கணக்கெடுப்பில் ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு இந்த அட்டைகள்தான். அட்டையின் மேல் ஊசிகள் இறங்கும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி கீழே உள்ள பாதரசக் குப்பியைத் தொடும். மின்சுற்று பூர்த்தியாகும். எண்ணும் முள் ஓரடி நகரும். பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் பல அறைகள். மின்சுற்றுக்கு ஏற்றபடி ஓர் அறையின் மூடி மட்டும் 'டப்' என்று திறந்துகொள்ளும். வேலை பார்ப்பவர் அட்டையை அதில் போட்டு மூடியைச் சாத்த வேண்டும். தாத்தாவின் தபால் அறைகளேதான், ஒரே வித்தியாசம் இங்கே மூடியைத் திறப்பது மின்சாரம். பிற்பாடு 1900களின் ஆரம்பத்தில் அட்டையைத் தானே இழுத்துத் தானே அறையில் போடும் இயந்திரம் வந்தது. அதன் பெயர் 'ஸார்ட்டர்'. ஹாலரித்தின் கம்பெனி 1911இல் மற்ற கம்பெனிகளோடு இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்று பெயர் மாற்றிக்கொண்டது தனிக்கதை.

அந்த ஸார்ட்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அட்டையில் ஓர் இடத்து இலக்கத்தைப் பார்த்து, 0 முதல் 9 வரை அறைகளில் பிரித்துப் போடும். ஒப்பிடவெல்லாம் தெரியாது. ஆனால் இப்போது ஒரு மாயம் பாருங்கள். 32, 21, 12, 31 என்று நான்கு அட்டைகள். முதலில் ஒன்றாம் இடத்தைப் பார்த்துப் பிரித்து, அறைவாரியாக எடுத்து அடுக்கினால் 21, 31, 32, 12 என்று வரும். கலைக்காமல் அப்படியே மறுபடி போட்டு, இப்போது பத்தாம் இடத்தைப் பார்த்துப் பிரித்தால் 12, 21, 31, 32. முடிந்தது! யாரையும் யாரோடும் ஒப்பிடாமல், வெறுமனே இரண்டு தடவை பிரித்ததில் முழு வரிசையும் வந்துவிட்டது. கடைசி இலக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், முந்தின ஒழுங்கு கலையக்கூடாது. நிபந்தனை அவ்வளவுதான்.

பிரித்தலே அடுக்கலாக மாறிய இடம் இதுதான். பெயரில் ஸார்ட்டர், பிரிப்பது அதன் வேலை, வெளியே வருவதோ வரிசை. அப்புறம் கம்ப்யூட்டர் வந்தபோது, அந்த வேலையின் பெயரும் கூடவே வந்துவிட்டது. 1945இல், கம்ப்யூட்டர் இன்னும் கட்டி முடிக்கப்படாத காலத்தில், ஜான் வான் நாய்மன் எட்வாக் என்ற இயந்திரத்துக்காகக் காகிதத்தில் எழுதிப் பார்த்த நிரல் எது தெரியுமா? ராக்கெட் கணக்கு அல்ல. இரண்டு வரிசைகளை ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகும் 'மெர்ஜ் ஸார்ட்'. கணக்குப் போடப் பிறந்த இயந்திரம் அடுக்கவும் செய்யுமா என்று பார்க்கத்தான். 1960களில் கம்ப்யூட்டர் ஓடும் நேரத்தில் கால்பங்குக்கு மேல் ஸார்ட்டிங்கிற்கே போனதாகத் தயாரிப்பாளர்கள் மதிப்பிட்டதை டொனால்ட் நூத் 1973இல் வந்த தம் மூன்றாவது தொகுதியில் குறிப்பிடுகிறார். நம் லைப்ரரியில் அட்டை கிழிந்து கிடந்ததே, அந்தத் தடிப் புத்தகம்தான். அதே நூலில் அவர், அகராதிப்படி ஸார்ட் என்றால் வகை பிரிப்பதுதான், நாங்கள்தான் அதை வரிசைக்குப் பயன்படுத்துகிறோம் என்று ஒப்புக்கொள்கிறார். தாத்தா ஜெயித்துவிட்டார்!

இந்த இடத்தில் இலங்கையில் பிறந்த ஒருவரைச் சொல்லியாக வேண்டும். 1934இல் கொழும்பில் பிறந்த டோனி ஹோர். 1959இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு இயந்திர மொழிபெயர்ப்பில் ஈடுபட்டார். அகராதி காந்த நாடாவில் அகரவரிசையில் இருக்கும். நாடாவை முன்னும் பின்னும் சுற்றாமல் ஒரே ஓட்டத்தில் தேடவேண்டும் என்றால், வாக்கியத்தின் சொற்களையும் முதலில் அகரவரிசையில் அடுக்கிக்கொள்ள வேண்டும். அப்படி யோசித்துப் பிறந்ததுதான் 'குவிக் ஸார்ட்'. ஊர் திரும்பி வேலையில் சேர்ந்ததும், "உங்கள் முறையைவிட வேகமான முறை எனக்குத் தெரியும்" என்று மேலதிகாரியிடம் சொல்ல, அவர் நம்பாமல் ஆறு பென்ஸ் பந்தயம் கட்டித் தோற்றார்.

வேகம் என்றால் எவ்வளவு? ஒரு லட்சம் பேரின் மதிப்பெண்ணை நம் முதல் வருஷ பப்பிள் ஸார்ட்டில் போட்டால் சுமார் 500 கோடி ஒப்பீடுகள். மெர்ஜ் ஸார்ட்டில் சுமார் 17 லட்சம். தம்பிகளே, தங்கைகளே, பரீட்சைக்கு இது வரும்.

எல்லாம் நல்லதற்கே என்று சொல்ல முடியவில்லை. 1933இல் ஜெர்மனியில் எடுத்த கணக்கெடுப்பையும் ஹாலரித் இயந்திரங்களில்தான் ஓட்டினார்கள். 1939 கணக்கெடுப்பில் ஒருவருடைய தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் யூதர்கள் என்றும் தனிச்சீட்டில் கேட்டார்கள். மனிதனை அட்டையாக்கிப் பிரிக்கிறவன் கையில் என்ன அதிகாரம் சேர்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

உத்திரமேரூர்ப் பாலன்

சீட்டு என்ற மூலப்பொருளைப் படித்தபோது எனக்கு ரோமாபுரிக்கு முன்னால் ஞாபகம் வந்தது உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய கல்வெட்டுகள். பள்ளிக்கூடத்தில் 'குடவோலை முறை' என்று மூன்று மார்க் கேள்விக்குப் படித்ததுதான்.

ஆனால் பொறியாளன் கண்ணால் பார்த்தால் அது வெறும் குலுக்கல் இல்லை. இரண்டு கட்ட ஏற்பாடு. முதல் கட்டத்தில் தகுதி பார்க்கிறார்கள். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுப்படி வயது 35க்குக் குறையாமல் 70க்கு மேற்படாமல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு, வரி கட்டும் நிலம், கல்வி வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுக்குள் பதவியில் இருந்தவர் கூடாது. இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவுக்காரரும் கூடவே கூடாது. இரண்டாம் கட்டத்தில், தேறியவர்கள் பெயரை ஓலையில் எழுதி, 30 குடும்புகளுக்கும் தனித்தனியாகக் கட்டி, குடத்தில் இட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்கிறார்கள். பிரைனெஸ்தேயிலும் சிறுவன், உத்திரமேரூரிலும் சிறுவன்! ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு ஊர்க்காரர்களுக்கும், பெரியவர்கள் கையை நம்பக்கூடாது என்று தோன்றியிருக்கிறது.

இதை இன்றைய ஜனநாயகம் என்று மார்தட்டிக்கொள்ள வேண்டாம். நிலமும் வேதப்படிப்பும் உள்ள பிராமண ஆண்களுக்குள் நடந்த ஏற்பாடு அது. வயலில் இறங்கியவன் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தகுதி பார்த்துப் பிரிக்கலாம். பிரித்த பிறகும் மிஞ்சுகிறவர்கள் சமமானவர்கள். சமமானவர்களுக்குள் நீ முன்னால், நீ பின்னால் என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. அங்கே சீட்டுதான்.

நாற்பத்தோரு நாள்

இனி என் கதைக்கு வருகிறேன். இது வரை யாரிடமும் எழுத்தில் சொன்னதில்லை.

2007இல் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு கிடையாது என்று ஆகிவிட்டது. பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே 200க்குக் கட்-ஆஃப். ஆகவே ஒரே மதிப்பெண்ணில் நிறையப் பேர். சமமாக இருந்தால் கணிதத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் இயற்பியல், அப்புறம் நான்காவது பாடம், அதற்கும் அப்புறம் பிறந்த தேதி. தேதியும் ஒன்றாக இருந்தால் கடைசியாக 'ரேண்டம் எண்'. எனக்கும் என் பள்ளி நண்பன் ஒருவனுக்கும் எல்லாப் பாடமும் ஒன்று. ஒரே பெஞ்சு, ஒரே டியூஷன், ஒரே மதிப்பெண். ஆனால் நான் அவனைவிட 41 நாள் மூத்தவன். மூத்தவனுக்கு முதலிடம்.

சென்னையில் கவுன்சிலிங் ஹாலில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். திரையில் நம் கல்லூரி, நம் பிரிவு, எங்கள் இட ஒதுக்கீட்டில் காலி இடம்: 1. என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போய் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது திரையில் 0. அவன் சிரித்தான். வேறு ஊரில், வேறு பிரிவு எடுத்தான். எங்கள் அப்பாக்கள் வரும்போது ஒரே பஸ்ஸில் வந்தார்கள். போகும்போதும் ஒரே பஸ்தான், ஆனால் பேசிக்கொள்ளவில்லை.

நம் கல்லூரியில் எனக்குக் கிடைத்ததெல்லாம், ஆசிரியர்கள், நண்பர்கள், கேம்பஸில் கிடைத்த வேலை, அந்த 41 நாளின் பலன் என்று நான் ரொம்ப நாள் நினைத்துப் பார்க்கவில்லை. படித்தோம், கிடைத்தது என்றே இருந்துவிட்டேன்.

பிற்பாடு ஒரு சமயம், வேலைக்கு நடுவே, ஓர் அறக்கட்டளைக்கு உதவித்தொகைப் பட்டியல் தயாரிக்கும் நிரலை இலவசமாக எழுதிக் கொடுத்தேன். மதிப்பெண்படி அடுக்கி, முதல் 40 பேருக்குப் பணம். எழுதி முடிக்க ஒரு மாலைப்பொழுது. பட்டியல் ஒட்டினார்கள். மறுநாள் தபாலில் தாமதமாக வந்த சில விண்ணப்பங்களையும் சேர்த்து மறுபடி ஓட்டினார்கள். முதல் பட்டியலில் 40ஆவதாக இருந்த பெண் இரண்டாவதில் 41. புதிதாக வந்த யாரும் அவளை முந்தவில்லை. அவளுக்குச் சமமான மதிப்பெண் வாங்கியிருந்த வேறொருவர் அவளுக்கு முன்னால் வந்துவிட்டார். அவ்வளவுதான். நான் பயன்படுத்தியது குவிக் ஸார்ட். சமமானவர்களை முந்தின ஒழுங்கிலேயே நிறுத்தி வைக்கும் பொறுப்பு அதற்குக் கிடையாது. அதை 'நிலைத்தன்மை இல்லாத' முறை என்று பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவன் நான். சமமானவர்களுக்கு என்ன விதி என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. கேள்வியே எழவில்லை.

அந்தப் பெண்ணின் அப்பா நேரில் வந்தார். கோபப்படவில்லை. "கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும் ஸார். எம் பொண்ணு என்ன தப்பு பண்ணிச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். எனக்கு ஹால் ஞாபகம் வந்தது, நண்பனின் சிரிப்பு ஞாபகம் வந்தது. "அவ ஒரு தப்பும் பண்ணலைங்க, தப்பு என்னுது" என்று சொன்னேன். அறக்கட்டளையில் பேசி அந்த வருஷம் 41 பேருக்குக் கொடுத்தார்கள். 41ஆவது தொகை என் கையிலிருந்து போனது என்பதை இங்கே பெருமைக்காகச் சொல்லவில்லை. அது அபராதம்.

அடுத்த வருஷம் விதிகளைத் தமிழில் எழுதி, விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அச்சடித்தோம். எல்லாம் சமமானால் கடைசி விதி, எல்லோர் முன்னிலையிலும் சீட்டு. அந்த வருஷம் கடைசி ஓர் இடத்துக்கு மூன்று பேர் சமம். வாட்ச்மேனின் மகள், ஐந்து வயதுக் குழந்தை, சீட்டை எடுத்தாள். கிடைக்காத இரண்டு பேரும் யாரையும் என்ன தப்பு என்று கேட்கவில்லை.

வரிசை அறிதல்

தமிழில் ஸார்ட்டுக்கு 'வரிசைப்படுத்து' என்கிறோம். இந்த 'வரிசை' சாதாரணச் சொல் இல்லை. கியூவில் நிற்பதும் வரிசை, கல்யாணப் பெண்ணுக்குக் கொடுப்பதும் சீர்வரிசை. ஒருவருக்கு உரிய மதிப்பு, தகுதி, மரியாதை எல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. புறநானூற்றின் 121ஆம் பாடலில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் சொல்வதும் இதுதான். கொடுப்பது சுலபம், வந்தவரின் வரிசை அறிவதுதான் கஷ்டம், எல்லாப் புலவரையும் ஒன்றுபோலப் பார்க்காதே என்கிறார். ஈராயிரம் ஆண்டுக்கு முன் ஒரு தேர்வாளருக்குக் கொடுத்த எச்சரிக்கை.

ஆக, ஆங்கிலச் சொல்லின் அடியில் சீட்டு கிடக்கிறது, தமிழ்ச் சொல்லின் அடியில் மதிப்பு கிடக்கிறது. இரண்டையும் ஒருசேர ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன். பழைய அட்டை இயந்திரத்தில் கவுன்சிலிங் பட்டியலைத் தயாரிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி விதியிலிருந்துதானே ஆரம்பிக்க வேண்டும்? முதலில் ரேண்டம் எண்ணால் அடுக்க வேண்டும். பிறகு பிறந்த தேதி, பிறகு நான்காவது பாடம், இயற்பியல், கணிதம், கடைசியாகத்தான் கட்-ஆஃப். மேலே மதிப்பெண் தெரிகிறது. அஸ்திவாரத்தில் சீட்டு இருக்கிறது. எந்த ரேங்க் லிஸ்ட்டையும் பார்க்கும்போது எனக்கு இந்த அஸ்திவாரம் தெரிகிறது. நம்மைப் படைத்தவன் ஒழுங்கு செய்கிறவன் என்று பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் காலத்தில் சொன்னார்கள். இப்போது அந்த வேலையை இயந்திரத்துக்கு எழுதிக் கொடுக்கிறவர்கள் நாம். அதனால்தான் அவர்கள் வைத்த பெயர் பொருத்தம் என்றேன்.

நமக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எடுத்த மேடத்தை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வைவாவுக்கு எப்போதும் ரோல் நம்பர்படி கூப்பிடுவதுதான் வழக்கம். அகரவரிசையில் கடைசியில் பிறந்த பாவத்துக்கு வி, ஒய் எழுத்துக்காரர்கள் சாயங்காலம் ஐந்து மணி வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நிற்பார்கள். மேடம் மட்டும் ஒருமுறை விட்டு ஒருமுறை கடைசியிலிருந்து கூப்பிடுவார். ஏன் மேடம் என்று கேட்டதற்கு, "பேர் வெச்சது அவங்க அப்பா அம்மா, அதுக்கு இவங்க ஏம்ப்பா தினம் கடைசியில நிக்கணும்?" என்றார். நூத்தின் தடிப்புத்தகம் சொல்லாததை அந்த ஒரு வரியில் படித்தேன் என்று இன்றைக்குத் தெரிகிறது.

2018இலிருந்து கவுன்சிலிங் இணையவழி. ஹால் இல்லை, நாற்காலி இல்லை, திரும்பிப் பார்க்கப் பக்கத்தில் யாரும் இல்லை. இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் இடத்துக்கு நீங்கள் உழைத்தீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் உங்களுக்கு அடுத்த எண்காரர் ஒருவர் இருந்தார். நாளைக்கு யாரையாவது வரிசைப்படுத்தும் நிரலை நீங்கள் எழுதுவீர்கள், கட்டாயம் எழுதுவீர்கள். அப்போது "சமமாக இருந்தால் என்ன செய்வது?" என்று முதலில் கேளுங்கள்.

என் நண்பன் இப்போது பாலம் கட்டுகிறான். சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இந்தக் கட்டுரையின் கதையை அவனிடம் சொன்னேன். அறக்கட்டளை, அந்தப் பெண், சீட்டு எல்லாம். கேட்டுவிட்டு, "அப்ப அன்னிக்கு ஹால்லயும் சீட்டுப் போட்டிருக்கலாமே?" என்றான். "போட்டிருந்தா உனக்கும் விழுந்திருக்கலாம்" என்றேன். "விழுந்திருந்தா நீதான் பாலம் கட்டிக்கிட்டிருப்ப. அந்தப் பாலத்துல நான் போக மாட்டேன்" என்றான்.

எங்கள் அப்பாக்கள் இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டுதான்.

மலரில் இதை எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் போடுங்கள். வரிசை உங்கள் இஷ்டம்.